அருட்சான்று உரைத்தல்

துன்பத்தினின்றும் நீங்கினான் ஒருவன், தன்னை நீக்கியது இறைவன் திருவருளே எனத் தெளிந்தவிடத்து, அதனைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் தகுமோ தகாதோ என்பது சைவ நன்மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டுவதோர் வினாவாம். தகும் என்பார், கேட்டவர்க்கு அஃது ஒரு பற்றுக்கோடாம் என்பர். தகாது என்பார், கண்டவர் வாய் திறவார் என்னும் உலகவழக்கை எடுத்துக்காட்டி, அனுபவத்தை அங்காடியில் விரித்தல் அடக்கமின்மை என்பர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரு திறத்தாரும் நோக்காது விட்டார் ஒருவர் உளர். அவர், அதே துன்பத்தை உற்று, அதே இறைவனை அதே அன்பொடு வேண்டி, நீக்கம் பெறாதவர். சான்று உரைக்கும் அவையில் அவரும் ஒரு மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கின்றார். வினாவின் உயிர்நிலை அவர்பாலது.

திருத்தணிகைக்கு மேற்கே, சோளிங்கபுரத்துக்கு அணித்தாக உள்ளது ஆர்.கே.பேட்டை. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதன் குறுக்கம் அது. நெசவு செய்து பிழைக்கும் குடும்பங்கள் அங்கும் சுற்றூர்களிலும் மிகுதி. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும். முன்னர்ச் சித்தூர் ஜில்லாவைச் சார்ந்திருந்த இப்பகுதி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிற் சென்னை இராச்சியத்தோடு சேர்க்கப்பட்டது. ஜில்லா மாறிற்று, அவ்வூரார் நேர்ந்துகொள்ளும் மலை மாறவில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து, மஞ்சளாடை உடுத்து, அரோகரா முழக்கத்தோடு தணிகைமலை நோக்கிச் செல்லும் கூட்டத்தில் அவ்வட்டாரத்து நெசவாளர் என்றும் உண்டு.

அத்தகைய ஊரில், அடுத்தடுத்த இரு வீடுகளிற் குழந்தைகள் இரண்டு ஒரே காய்ச்சலிற் கிடந்தன என்று கொள்வோம். இரு தாய்மாரும் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து தணிகேசனுக்கு நேர்ந்துகொண்டனர். ஒரு குழந்தை எழுந்தது; மற்றொன்று எழவில்லை. வரும் ஆடியில் முதல் வீட்டார் காவடி எடுக்கின்றனர். காவடி தோளில் ஏறிய அளவிலே அது சான்றாகிவிடுகின்றது. வாயாற் சொல்ல வேண்டுவதில்லை. ‘முருகன் எம்மைக் கைவிடவில்லை’ என்று தெருவெல்லாம் அது சொல்லிச் செல்கின்றது. அடுத்த வீட்டுத் தாய் வாயிற்படியில் நின்று அதனைக் காண்கின்றாள். அவள் செவியில் அச்சொல் எவ்வாறு விழும்? ‘உன்னைக் கைவிட்டான்’ என்றன்றோ விழும்! சான்று உரைப்பார் பலர் இதனை அறியார். அறிந்தும் உரைப்பின் அது கொடுமை. அறிந்து அஞ்சி உரையாதொழியின், பெற்ற அருளை மறைத்த நன்றிகொன்ற குற்றம் வரும். இவ்விரண்டற்கும் இடையே வழியுண்டோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண், அருட்சான்று என்பது எவ்வகை அறிவு என்று தெளிதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை வகுத்தவிடத்துக் காட்சியை நான்காக்கினர்: வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என்பன அவை. தனக்குற்ற இன்ப துன்பத்தைத் தானே அறிதல் தன்வேதனைக் காட்சியின்பாற்படும். வயிற்றுவலி உற்றான் அவ்வலியை அறிதற்கு வேறொரு சாட்சி வேண்டான். வலி நீங்கியதை அறிதற்கும் வேண்டான். அத்துணையும் காட்சியே. ஆனால், ‘வலியை நீக்கினவன் இன்னான்’ என்பது காட்சியன்று. அது கருதலளவையாற் கொண்டதோ, நூலுரையாற் கொண்டதோ, அன்றி அருள் உள்நின்று உணர்த்த உணர்ந்ததோ ஆதல் வேண்டும். இனி, அதனைக் கேட்கின்றவனுக்கோ அனைத்தும் உரையளவையே. உரைப்பவன் வாய்மையைப் பொறுத்து நிற்பதே. சான்றுரைப்போர் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, தாம் பட்டதையும், தாம் கருதியதையும், பிறர் நம்பவேண்டுவதையும் ஒரே குரலிற் கூறிவிடுகின்றனர். வழக்கு மன்றத்திற் சாட்சி சொல்பவன் தான் கண்டதையே சொல்லல் வேண்டும், தான் ஊகித்ததைச் சொல்லலாகாது என்று விதிப்பர். இறைவன் பொருட்டுச் சொல்லும் சாட்சிக்கு அவ்விதி தளர்ந்தது என்று கருதுதற்கு யாதொரு நியாயமும் இல்லை. இறுகிற்று என்று கருதுதலே பொருந்தும்.

எத்துணை இறுகிற்று என்பதைப் பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் வரலாறு காட்டும். துறவு பூண்டு பழனிக்குச் செல்லும் வேட்கை சுவாமிகளுக்கு இளமையில் எழுந்தது. அதனை ஓர் அன்பரிடம் தெரிவித்தபோது, ‘இது முருகன் ஆணையோ?’ என்று அன்பர் வினவ, ஆணை பெறாதிருந்தும் ‘ஆம்’ என்று சுவாமிகள் கூறிவிட்டனர். கூறியது ஒரு சொல். கூறிய நோக்கமோ துறவு. உலகியலில் இதனைப் பொய்யென்று எண்ணுவாரும் அரியர். ஆயினும், முருகப்பெருமான் சினத்தோற்றத்தோடு வெளிப்பட்டு, யாம் அழைக்குமளவும் பழனிக்கு வாராதே எனத் தடுத்தனன் என்பதும், அவ்வழைப்பு வாராமையால் 1929-ஆம் ஆண்டில் சமாதியுறும் வரையிற் சுவாமிகள் பழனியை மிதித்திலர் என்பதும் அவர் வரலாற்றிற் கண்ட செய்திகள். ஆறெழுத்தை மூச்சாகக் கொண்ட ஓர் அடியார், தண்டபாணியின் மலையை வாழ்நாள் முழுதும் காணாதிருந்தனர். அருள் சொல்லாததை அருள் சொல்லிற்று என்ற ஒரே காரணத்தால். ‘கனவில் வந்தான், கட்டளையிட்டான்’ என்று நாடோறும் எளிதிற் கூறுவார் இதனைச் சற்றே நின்று நினைப்பாராக.

இவ்வரலாற்றில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. சுவாமிகள் தம் பிழையை மறைத்திலர். மறைத்திருப்பின் உலகம் அறிந்திராது. தம்மைத் தடுத்த முருகனைத் தாமே உலகிற்கு அறிவித்தமையால், பின்னாளில் அவர் கூறிய வேறொரு சான்று வலிமை பெற்றது. 1923-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் சென்னைத் தம்புசெட்டித் தெருவிற் குதிரைவண்டிச் சக்கரம் ஏறி அவரது இடக்கால் முறிந்தது. எழுபது வயதைக் கடந்த உடம்பு. உப்பை நீக்கிய உணவு. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டனர். எலும்பு கூடுதல் அரிது என்றே மருத்துவர் எண்ணினர். அன்பர்கள் சண்முக கவசத்தை ஓதி வந்தனர். 1924-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் இரவில் மயில்களின் காட்சி அவர்க்குக் கிடைத்தது, கால் கூடிற்று. அந்நாளை மயூரவாகன சேவனமாக ஆண்டுதோறும் கொண்டாடும்படி அவரே விதித்துச் சென்றனர். ஒருமுறை பொய்ச்சான்று உரைத்து ஒறுக்கப்பட்டவர், மெய்ச்சான்று வாய்த்தபோது அஞ்சி வாய்மூடியிருக்கவில்லை என்பது காண்க. வாய்மூடுதலே அடக்கம் என்பார்க்கு இது விடை.

அற்றேல், நீக்கம் பெறாதார்க்கு உரைப்பது என்னை? இவ்விடத்துச் சைவர் சிலர் விரைந்து ஒரு விடை கூறுவர்: ‘அவரவர் வினை அவரவர்க்கு, பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டும்’ என்பது. சாத்திரப்படி இதிற் பிழையில்லை. சஞ்சிதம் தீக்கையாற் கெடும், ஆகாமியம் ஏறாதபடி அருள் காக்கும், பிராரத்தம் உடலூழாய் நின்று நுகரப்படும் என்பது சித்தாந்தத் துணிபு. ஆயினும் ஒரு கோட்பாடு மெய்யாதல் வேறு, அதனைக் கூறுதற்கு உரியார் இன்னார் என்பது வேறு. திருநாவுக்கரசு சுவாமிகளுக்குச் சூலை நோய் வந்தது. அது தமது வினைப்பயன் என்றும், தம்மை ஆட்கொள்ளும் பொருட்டு இறைவன் தந்தது என்றும் உணர்ந்தவர் அவரே. தமக்கையார் திலகவதியார், புறச்சமயம் புக்க தம்பி நள்ளிரவில் வலியால் துடித்து வந்து காலில் விழுந்தபோது, ‘நீ செய்த வினைக்கு இது பயன்’ என்று கூறினாரல்லர். திருநீறளித்தார், திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வினைக்கோட்பாட்டை அவ்வம்மையார் அறியாதவரா? அறிந்தும், வலியுற்றான் முன்னே அதனை எடுத்திலர். வினை என்பது தன்மையிடத்துச் சொல்லத்தக்க சொல். முன்னிலையிடத்துச் சொல்லின் அதே சொல் கல்லாகிவிடும்.

இனி, நோய் நீங்குதலே அருளுக்கு அடையாளம் என்று கொள்ளவும் பெரியபுராணம் இடந்தராது. ஏயர்கோன் கலிக்காம நாயனாரையும் சூலையே பற்றிற்று. ‘வன்றொண்டனாலன்றி இது தீராது’ என்று இறைவனே உணர்த்தினன். இறைவனைப் பெண்ணின்பாற் தூதனுப்பியவனால் வரும் நலம் வேண்டா என்று நாயனார் உயிரையே விடத் துணிந்தார். பின்னர் நிகழ்ந்தது அனைவரும் அறிந்தது, இருவரும் தழுவிக்கொண்டனர். ஈண்டு வேண்டுவது இவ்வளவே: சூலை தீர்ந்ததனாற் சான்றாயினார் ஒருவர், தீர்த்துக்கொள்ள மறுத்தமையாற் சான்றாயினார் மற்றொருவர். சேக்கிழார் இருவரையும் ஒரே திருத்தொண்டர் கூட்டத்தில் வைத்தனர்.

ஆயின், மறுத்தவரல்லர், வேண்டிப் பெறாதவரே நம் வினாவிற்குரியார். அவர்க்கென்று அமைந்த ஒரு தலம் தணிகைக்கு நெடுந்தூரத்தில் இல்லை. அதுவே திருவெண்பாக்கம்.

நம்பியாரூரர் திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று மகிழின்கீழ்ச் சூளுற்று, ஆரூர் வசந்தவிழாவின் நினைவு மீதூர எல்லை கடந்த அளவில் இரு கண்ணும் இழந்தனர். பிழை தம்முடையது என்பதில் அவர்க்கு ஐயமில்லை. வழித்துணையாவார் கைப்பற்றி நடத்த, முல்லைவாயிலைப் பணிந்து வெண்பாக்கம் சேர்ந்தார். கண் வேண்டிச் சென்றவர் அவர். கோயில் வாயிலில் நின்று, ‘பெருமானே, இக்கோயிலுள் இருக்கின்றனையோ?’ என்று வினவினார். தோழனிடம் கேட்கும் வினாவா அது! அதற்கு வந்த விடை, தோழன் கூறும் விடையாகவும் இல்லை. இருக்கின்றோம், நீர் போம் என்னும் அளவில் அயலார்க்குச் சொல்வது போன்ற ஒரு சொல் வந்தது. கையில் ஓர் ஊன்றுகோல் வந்தது. கண் வரவில்லை.

சுந்தரர் அவ்விடத்துப் பாடிய பதிகம் ஏழாந்திருமுறையுள் உள்ளது. அதனை ஓதுவார் அறிவர்: அது நன்றிப்பாட்டு மட்டும் அன்று. பிழையைப் பொறுப்பாய் என்று நம்பி வந்தேன் என்பதும், கண்ணை மறைத்தாய் என்பதும், நான் கேட்டதற்கு நீ கூறிய விடை இதுவோ என்பதும் அதில் உள. முறையீடும் அன்பும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. இப்பதிகம் அருட்சான்றாகுமோ எனின், ஆகும். அருட்சான்றுகளுள் அரியது ஆகும். ஏனெனின், பெற்றதைப் பெற்ற அளவிலும், பெறாததைப் பெறாத அளவிலும் கூறி, இறைவன் உளன் என்பதில் மட்டும் தளராது நிற்கின்றது அது. ‘எனக்கு யாதொரு குறையும் இல்லை’ என்று வலிந்து சிரிக்கும் சான்று அன்று. கண் கிடைத்தபின் நினைந்து பாடியதும் அன்று. கண் இல்லாதபோதே, கோலைப் பிடித்துக்கொண்டே பாடியது.

முன்னோர் இதனைத் திருமுறையினின்றும் நீக்கிவிடவில்லை என்பது கருதத்தக்கது. காஞ்சியில் இடக்கண் பெற்றதும், ஆரூரில் வலக்கண் பெற்றதும் பாடப்பட்டுள்ளன. அவை போதும், கோலைப் பற்றிய முறையீடு வேண்டா என்று அவர் எண்ணினாரல்லர். அன்றியும் வெண்பாக்கத்து இறைவர் எப்பெயரால் வழங்கப்படுகின்றார்? ஊன்றீசுவரர் என்று. கண் தந்தவர் என்னும் பெயரை அத்தலம் நாடவில்லை. கோல் தந்தவர் என்பதையே பெயராக ஏற்றது. அம்மை மின்னொளியம்மை. கண்ணற்றார்க்கு வழியில் மின்னலாய் ஒளிகாட்டியவள் என்று தலத்தார் கூறுவர். மின்னல் எவ்வளவு நேரம் நிற்கும்? அடுத்த அடியை வைக்கும் அளவு. சுந்தரர் சினந்து எறிந்த கோலால் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்னும் செவிவழிச் செய்தியும் உண்டு; ஒடிந்த கொம்போடு கூடிய நந்தி இன்றும் அங்குக் காணப்படுகின்றது. சினத்தின் வடுவையும் கோயிலுக்குள்ளேயே வைத்துக் காக்கும் சமயம், துயருற்றான் ஒருவன் சினந்து பேசிவிட்டான் என்பதற்காக அவனை அவிசுவாசி என்று தள்ளுதல் கூடாது.

அத்தலத்துக்கும் ஓர் இடர் நேர்ந்தது. சென்னை நகரின் குடிநீர் வேண்டிக் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் 1944-ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டபோது பழைய திருவெண்பாக்கம் நீர்ப்பரப்பினுள் அகப்பட்டது. இறைவரும் அம்மையும் இடம்பெயர்ந்து பூண்டிக் கரையிற் புதுக்கோயில் கொண்டனர். வீடிழந்தார்க்குச் சான்றாக, வீடிழந்த ஊன்றீசுவரர் அங்கே இருக்கின்றார் என்று கூறின் மிகையாகாது.

இவற்றால் பெறப்படுவது யாது? இறைவன் கைவிடான் என்பது சைவத்திற்கு உயிர்க்கோட்பாடு. ஆனால் கைவிடாமை என்பது கேட்டதைத் தருதல் என்று எந்நூலும் கூறவில்லை. ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று. மறைக்கும் சத்தியும் அருட்சத்தியே, மலத்தின் பாகத்துக்கு ஏற்ப நிற்றலின் மலம் என உபசரிக்கப்பட்டது என்பர். ஆதலின் ‘இன்னது தந்தான், ஆகையால் உளன்’ என்று சான்று உரைப்பவன், அறியாமலே மறைத்தலை அருளினின்றும் வெட்டிவிடுகின்றான். அவன் கூற்றைத் தலைகீழாக்கி, ‘தரவில்லை, ஆகையால் இலன்’ என்று அடுத்த வீட்டாள் கூறின், அதனை மறுக்க அவனுக்கு வழி இல்லை. தர்க்கத்தை முதலிற் கையாண்டவன் அவனே அன்றோ? ‘அவன் உடன் இருந்தான், இன்னதும் நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது என்பது யான் அறியேன்’ என்று உரைப்பவன் கூற்றை அவ்வாறு திருப்ப முடியாது. இழந்தவளும் அதன் முற்பாதியைத் தனதாக்கிக் கொள்ளலாம். ஆக்கிக் கொள்ள இயலாத நாளில் வாளா இருக்கலாம்; அவளை எவரும் அவசரப்படுத்துதல் ஆகாது.

சான்று உரைப்பதில் மற்றொரு நெறியும் தணிகையிலேயே காணப்படும். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950) முன்னாளில் மைசூர் அரண்மனையிற் சமையற் பணி புரிந்தவர். நெடுங்காலம் வயிற்றுவலியால் வருந்தி, 1908-ஆம் ஆண்டிற் பழனி சேர்ந்து, அபிடேகத் தீர்த்தத்தையும் பிரசாதத்தையும் உட்கொண்டு நலம் பெற்றனர். பாம்பன் சுவாமிகளை வாராதே என்ற அதே பழனி! அருளைக் கணக்கிட்டு அளப்பார் இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணுக. அங்கே திருப்புகழ் ஒன்று பாடக் கேட்டு, அதுவே தமக்கு மந்திரம் எனக் கொண்டனர். வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராய்ச் சென்று ஏடு தேடி 1894-ஆம் ஆண்டில் முதற்பகுதியை அச்சிட்டிராவிடின் அப்பாடல்களுட் பல வழக்கொழிந்தே போயிருக்கும். அது தனியே விரித்தற்குரிய செய்தி. பின்னர்த் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியையும் சேஷாத்திரி சுவாமிகளையும் கண்டு, சேஷாத்திரி சுவாமிகள் பணித்தபடி வள்ளிமலையில் தங்கினர்.

ஆங்கிலப் புத்தாண்டில் எலுமிச்சம்பழமும் மாலையும் ஏந்தி வெள்ளைத் துரைமார் வாயிலிற் காத்து நிற்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அதனைக் கண்டு, துரைமார்க்கெல்லாம் துரையாகிய தணிகைத் துரையைச் சென்று காண்போம் என்று அன்பரைத் திரட்டி, 1917-ஆம் ஆண்டின் இறுதி நாளில் தணிகைமலைப் படித்திருவிழாவைத் தொடங்கினர் சுவாமிகள். மலைக்கு 365 படிகள், ஆண்டின் நாள்களைப் போல. படிதோறும் நின்று ஒரு திருப்புகழ் பாடிக் கற்பூரம் காட்டி ஏறுதல் முறை. நலம் பெற்ற ஒருவர் தம் நலத்தைப் படிதோறும் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவர் அது செய்திலர். அருணகிரிநாதர் வாக்கையே பாடினர், பிறரையும் பாடுவித்தனர். தம் வயிற்றுவலியைக் கேட்டார்க்குக் கூறினார். கேளாதார்க்குப் பாட்டைக் கொடுத்தார். பாட்டோ பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் பொது. அருணகிரியார் திருப்புகழில் நோய்களின் பெயர்கள் அடுக்கி வரும் இடங்கள் எத்தனை! மூப்பும் சாவும் எத்தனை! நோயுற்றவன் அவற்றைப் பாடுங்கால் தன் நோயின் பெயரையும் அங்கே காண்பான்.

டிசம்பர் 31-ஆம் நாள் இரவு தணிகையின் படிகளில் இன்றும் பசனைக் கூட்டங்கள் ஏறுகின்றன. ஆர்.கே.பேட்டையினின்றும் வந்த அந்த இரு தாய்மாரும் அக்கூட்டத்தில் இருப்பின், ஒருத்தி கையில் எழுந்த குழந்தை. மற்றவள் கையில் கற்பூரத் தட்டு. யாருக்கு என்ன கிடைத்தது என்று எந்தப் படியிலும் எவரும் கேட்பதில்லை. முதலாமவள் அன்று தன் கதையைச் சொல்ல விரும்பின், முதலில் அடுத்தவளை நோக்கட்டும். அவள் தலையசைத்தால் சொல்லட்டும். இல்லையேல் குழந்தையை ஒரு படி அளவாவது அவளிடம் கொடுத்து, தட்டைத் தான் வாங்கிக்கொள்ளட்டும்.